பசங்க வெளியூர் போயாச்சு, பரண்ல இருக்கறதை என்ன பண்றது?

நெய்வேலியிலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் என்எல்சியில வேலை, வர்ற மார்ச்ல 60 முடிஞ்சு ரிட்டயர்டு ஆகறார், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக் குடுத்துட்டு தாம்பரம் பக்கத்துல வாங்கிப் போட்ட 2 பெட்ரூம் ஃப்ளாட்டுக்குப் போகணும். பையன் பெங்களூர்ல வேலைல இருக்கான், பொண்ணு இந்த வருஷம்தான் ஜெர்மனிக்குப் படிக்கப் போயிருக்கா. பரண்ல ரெண்டு ட்ரங்க் பெட்டி, ஒரு பீரோ, நாலஞ்சு அட்டைப்பெட்டி, எல்லாத்துலயும் பசங்க சாமானும் மாமியார் விட்டுட்டுப் போனதும். முதல் கவுன், தூளி கட்டின புடவை, எல்கேஜி ப்ராக்ரஸ் கார்டுலேர்ந்து செஸ் கோப்பை வரைக்கும், கல்யாண வீடியோ கேசட், ஆல்பம், கொலு பொம்மை, பித்தளைத் தவலை. "பொண்ணு எல்லாத்தையும் தூக்கிப் போடும்மாங்கறா, பையன் எதையும் தொடாதங்கறான், இவர் எடைக்குப் போட்டுடுங்கறார், எனக்கு பெட்டியைத் திறந்தாலே அழுகை வருது, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது, வேணாங்கறதை எங்க குடுக்கறது?" இதுதான் கேள்வி.

அக்கா, வீடு மாத்தறவங்களுக்கு சாமான் பிரிச்சு ஒதுக்கிக் குடுக்கறதுதான் என் வேலை, அதனால சொல்றேன், உங்க வீட்ல நாலு பேர் சொல்றதும் ஒரே நேரத்துல சரிதான், ஏன்னா அந்தப் பரண்ல கிடக்கறது எல்லாம் ஒரே ஆளோட பொருள் கிடையாது. எதை வைக்கறது எதைப் போடறதுன்னு கேட்டுக்கிட்டு உட்கார்ந்தா ஒரு பெட்டி கூட முடியாது, அதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது இது யாரோட ஞாபகம்னு. எல்கேஜி ப்ராக்ரஸ் கார்டு பொண்ணோட பேர்ல இருக்கு, ஆனா அவளுக்கு எல்கேஜி ஞாபகமே இருக்காது, அந்த ஞாபகம் உங்களோடது, மழையில அவளை இடுப்புல தூக்கிட்டுப் போய் அந்தக் கார்டுல கையெழுத்துப் போட்டது நீங்க. அப்ப அந்தக் கார்டு உங்க பொருள். அவ வேணாம்னு சொன்னா அதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல, அவ உங்க அன்பை வேணாங்கல, அவளுக்குச் சொந்தமில்லாத ஒண்ணைத்தான் வேணாங்கறா. அதே மாதிரி அவ ஒன்பதாம் கிளாஸ்ல படம் வரைஞ்சு தள்ளின நோட்டு குப்பை மாதிரி இருக்கும், அது அவளோடது, நீங்க முடிவு பண்ணக் கூடாது.

அதனால முதல் சுத்துல மூணே பாகமா பிரிங்க: உங்களோடது, பசங்களோடது, யாரோடதுன்னே தெரியாதது. இந்தச் சுத்துல எதையும் வெளிய போடாதீங்க. மார்ச்னா இன்னும் டைம் இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், காலையில, மனசு தெளிவா இருக்கறப்ப. ராத்திரி டின்னர் முடிச்சுட்டு பெட்டியைத் திறக்காதீங்க, அப்பதான் அழுகை வரும், ஒரு கவுனைக் கையில வச்சுக்கிட்டே பத்தரை மணி ஆயிடும். ஆல்பத்தைக் கடைசியில எடுங்க. முதல்ல உணர்ச்சியே இல்லாததை முடிங்க, பழைய மிக்ஸி ஜார், காலி அட்டைப்பெட்டி, எந்த ஃபோனுக்குன்னே தெரியாத சார்ஜர், பசங்க பழைய கைடு புக், ரெண்டு வாரம் அதுலயே கை பழகட்டும், முடிவெடுக்கறதும் பழக்கத்துல வர்றதுதான்.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை, பேப்பர். அட்டைப்பெட்டில ப்ராக்ரஸ் கார்டோட சேர்ந்து என்னென்ன கலந்து கிடக்கும்னு உங்களுக்கே தெரியாது. பர்த் சர்டிஃபிகேட், தடுப்பூசி அட்டை, 10வது 12வது மார்க் ஷீட், டிசி, கம்யூனிட்டி சர்டிஃபிகேட், இதெல்லாம் நினைவுப் பொருள் கணக்குல வராது, தனி ஃபைல். தடுப்பூசி அட்டையை "குழந்தைல போட்டதுதானே"ன்னு நிறைய பேர் போட்டுடறாங்க, வெளிநாட்டு காலேஜ்லயும் வேலையிலயும் அதைக் கேக்கறது உண்டு, உங்க பொண்ணுக்கு நாளைக்கே தேவைப்படலாம். டிஜிலாக்கர்ல மார்க் ஷீட் வந்தாலும் ஒரிஜினலைப் போடாதீங்க. இன்னொண்ணு, பத்திரமா இருக்கட்டும்னு சர்டிஃபிகேட்டை லேமினேட் பண்ணாதீங்க, வெளிநாட்டுக்கு அட்டெஸ்டேஷன் பண்றப்ப சீல் வைக்க முடியாம பிரச்சனை ஆகும், உரிக்கப் போனா பேப்பரே கிழியும். சும்மா ஃபைல் கவர்ல போட்டா போதும்.

பேப்பர்லயே இன்னொரு சமாச்சாரம், கர்ப்பத்துல எடுத்த ஸ்கேன் படம். சின்னதா, வழுவழுன்னு, கருப்பு வெள்ளையில இருக்குமே, அது. அது தெர்மல் பேப்பர், மெஷின் சூட்டுலதான் அதுல படமே விழுது, மை கிடையாது. அதனால வருஷம் ஆக ஆக தானா வெளுத்துடும், பரண் சூட்டுல இன்னும் சீக்கிரம், லேமினேஷன் மெஷின்ல விட்டா மொத்தமா கருத்துப் போயிடும். ஒரு வீட்ல அந்த அம்மா அதைச் சாமி ரூம்ல கண்ணாடிக்கு அடியில வச்சிருந்தாங்க, நான் பாத்தப்ப வெறும் சாம்பல் கலர் தாள், ஓரத்துல ஆஸ்பத்திரி பேர்ல ரெண்டெழுத்து மட்டும் தெரிஞ்சுது. உங்ககிட்ட இருந்தா இன்னைக்கே ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துடுங்க, எதுக்கும் காத்திருக்க வேணாம்.

அடுத்தது பசங்க. பொண்ணு வீடியோ கால்ல "எல்லாத்தையும் போடும்மா"ன்னு சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க. அவ போனதே இந்த வருஷம், புது ஊர், புது பாஷை, 23 கிலோ பெட்டியில வாழ்க்கையைக் கட்டிக்கிட்டுப் போனவ, அவளுக்கு இப்ப சாமான்னாலே பாரம். முப்பது வயசுல, கையில ஒரு குழந்தை வந்தப்புறம் இதே பொண்ணு "என் சின்ன வயசு கவுன் ஏதாவது இருக்காம்மா"ன்னு கேப்பா, நான் நிறைய வீட்ல பாத்திருக்கேன். அதுக்காக பரணையே தூக்கிட்டுப் போக வேணாம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, ஒரு ஆள் தூக்கற அளவு, அவ்வளவுதான். அதுல அடங்கறது போகும், அடங்காததுக்கு அடுத்த முடிவு. பெட்டியோட அளவு முடிவு பண்ணிட்டா உங்க மனசு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்க ஆரம்பிச்சுடும், எட்டு யூனிஃபார்ம்ல எந்த ஒண்ணுன்னு கேட்டா சட்டுனு கை ஒண்ணை எடுக்கும், பாருங்க.

கேக்கற விதமும் இருக்கு. ஒவ்வொண்ணா வாட்ஸ்அப்ல அனுப்பி "இது வேணுமா"ன்னு கேட்டா நாலாவது படத்துலயே எரிச்சல் வந்து "வேணாம்மா விடு"ன்னுடுவாங்க. பத்துப் பொருளைப் பாய் மேல பரப்பி ஒரே ஃபோட்டோ, "இதுல உனக்கு மூணு எடுத்துக்கோ"ன்னு சொல்லுங்க. எடுப்பாங்க. பையன் விஷயம் வேற, தொடாதன்னு சொல்றான்னா அவனுக்கு வீடு அப்படியே இருக்கணும், அதுவும் நியாயம்தான், ஆனா குவார்ட்டர்ஸ் இருக்கப் போறதில்ல. பொங்கலுக்கு வர்றப்ப அரை நாள் அவன் பீரோவை அவனே பிரிக்கட்டும்னு இப்பவே தேதி சொல்லிடுங்க, நீங்க பக்கத்துல உட்கார்ந்து கதை சொல்லுங்க, முடிவு அவன் எடுக்கட்டும். பிறந்து வளர்ந்த வீட்டை விட்டு அவனும்தான் போறான், தோட்டத்துல இருக்கற மாமரத்தையும் சேத்து விட்டுட்டு. அந்த மரத்தடியில ரெண்டு பேரையும் நிக்க வச்சு எடுத்த பழைய ஃபோட்டோ ஏதாவது இருந்தா அதே இடத்துல அவனை நிக்க வச்சு இன்னொண்ணு எடுங்க.

ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டுப் பொருளைக் குடுத்துடறது நிஜமாவே வேலை செய்யும். அமெரிக்காவுல பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஹாஸ்டல்கள்ல ஒரு ஆராய்ச்சி பண்ணி 2017ல வெளியிட்டாங்க, ரூமைக் காலி பண்ற பசங்ககிட்ட சில ஹாஸ்டல்ல சும்மா தானம் பண்ணுங்கன்னும், சில ஹாஸ்டல்ல ஃபோட்டோ எடுத்துக்கிட்டு தானம் பண்ணுங்கன்னும் சொல்லிப் பாத்தாங்க, ஃபோட்டோ எடுக்கச் சொன்ன இடத்துலதான் அதிகமா வந்துச்சு. கோப்பைகளுக்கு இது ரொம்பப் பொருந்தும். எல்லா செஸ் கோப்பையையும் ஒரு மேஜையில வரிசையா வச்சு பையனோட ஒரு படம், அப்புறம் பேர் போட்ட தகட்டை மட்டும் கழட்டி அவன் பெட்டில போடுங்க, ஸ்டேட் லெவல்ல ஜெயிச்சது ஏதாவது இருந்தா அது மட்டும் முழுசா இருக்கட்டும்.

இப்ப துணி. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். பேரன் பேத்திக்குன்னு வச்சிருக்கற குழந்தைத் துணில அந்துருண்டை போட்டிருந்தீங்கன்னா அதை அப்படியே எடுத்துப் பச்சைக் குழந்தைக்குப் போடவே கூடாது. அந்துருண்டை பெரும்பாலும் நாஃப்தலின், அந்த ஆவி துணில ஏறி நிக்கும், ஜி6பிடி குறைபாடுன்னு ஒண்ணு இருக்கு, பிறவியிலேயே ரத்தத்துல ஒரு என்சைம் குறைவா இருக்கறது, அது இருக்கற குழந்தைக்கு அந்தத் துணி பட்டாலே ரத்தத்துல சிவப்பணு உடைஞ்சு மஞ்சக் காமாலை வரைக்கும் போகலாம், அந்தக் குறைபாடு இருக்கறது வெளிய பாத்தா தெரியாது. அதனால ஞாபகத்துக்கு வைக்கறது ஒண்ணு ரெண்டு போதும், உருண்டையை எடுத்துட்டு நல்லா துவைச்சு பல நாள் வெயில்ல காத்தாடப் போட்டு, வேப்பிலையோ வசம்போ மெல்லிசுத் துணில முடிஞ்சு கூட வைங்க. குழந்தைக்குப் போடறதுக்குப் புதுசு வாங்கிக்கலாம், பழசு பாக்கறதுக்கு இருக்கட்டும். பழைய பெயின்ட் அடிச்ச மர பொம்மை, நடைவண்டி இதுலயும் அதே எச்சரிக்கை, நம்ம நாட்ல வீட்டு பெயின்ட்ல ஈயத்துக்குக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அதுக்கு முந்தின பெயின்ட் உரியற பொம்மையைக் குழந்தை வாயில வைக்கக் குடுக்காதீங்க, அலமாரியில அழகுக்கு வைங்க.

தூளி கட்டின புடவையை மட்டும் யார் என்ன சொன்னாலும் போடாதீங்க, அது காட்டன், மடிச்சா ஒரு சாண் இடம். பட்டுப்புடவைக்கு வேற கவனம், பிளாஸ்டிக் கவர்ல இருந்தா வெளிய எடுங்க, உள்ள ஈரம் தங்கும். பழைய வெள்ளை வேட்டியில சுத்தி வச்சு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்தணும், ஒரே மடிப்புல கிடந்தா ஜரிகை அந்தக் கோட்டுலயே இத்துப் போகும். உங்க மாமியாரோடது பழைய கால வெள்ளி ஜரிகையா இருக்கும், இத்துப் போயிருந்தாலும் தெருவுல "பழைய பட்டுப்புடவை"ன்னு கூவறவங்ககிட்ட கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்காதீங்க, அவங்க வாங்கறதே அந்த வெள்ளிக்குத்தான். நல்லா இருக்கற முந்தானையை வெட்டி ஃப்ரேம் போடலாம், இல்ல பார்டரை எடுத்துப் பொண்ணுக்கு ஒரு ப்ளவுஸ் தைக்கலாம், ஜெர்மனிக்கு ஒரு ப்ளவுஸ் எடுத்துட்டுப் போறது கஷ்டமில்ல.

பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்க. பித்தளைத் தவலை, எவர்சில்வர் தூக்கு, வாய் ஓரத்துலயோ அடியிலயோ பேர் வெட்டியிருக்கும், புள்ளி புள்ளியா, சில சமயம் தேதியோட, யார் கல்யாணத்துக்கு யார் குடுத்ததுன்னு. பழைய வீடுகள்ல இதை விட நல்ல குடும்ப ரெக்கார்டு கிடையாது. எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் சாஞ்ச வெளிச்சத்துல வச்சு அந்த எழுத்தைப் படம் எடுங்க, அப்புறம் அந்தப் பேருக்கு உரியவங்க யாராவது இருக்காங்களான்னு யோசிங்க, வீட்டுக்காரரோட தங்கச்சி, அண்ணன் பொண்ணு, அவங்களுக்கு ஒரு ஃபோன் போடுங்க. உங்களுக்குப் பாரமா இருக்கற தவலை அவங்களுக்கு அம்மா ஞாபகம். கொலு பொம்மையும் அப்படித்தான், மரப்பாச்சி ஜோடி பொண்ணுக்குன்னு எடுத்து வச்சுட்டு மீதி செட்டை கொலு வைக்கற சொந்தக்காரங்களுக்குக் குடுங்க, நவராத்திரிக்குப் போய்ப் பாத்துட்டும் வரலாம். எடுத்துட்டுப் போறதா இருந்தா மண் பொம்மையை நியூஸ் பேப்பர்ல நேரா சுத்தாதீங்க, மை ஒட்டும், உள்ள பழைய வேட்டித் துணி, வெளிய பேப்பர்.

ஆல்பம். தொண்ணூறுகள்ல எல்லா வீட்லயும் வாங்கின ஒட்டற ஆல்பம் இருக்குமே, பக்கத்துல பசை கோடு கோடா, மேல பிளாஸ்டிக் தாள், அதுதான் ஃபோட்டோவுக்கு முதல் எதிரி, பசை மஞ்சளாகி ஃபோட்டோ முதுகைத் தின்னும். ஈஸியா வர்றதை வெளிய எடுங்க, ஒட்டிக்கிட்டிருந்தா பிடிச்சு இழுக்காதீங்க, டென்டல் ஃப்ளாஸ் நூலை ஃபோட்டோவுக்கும் அட்டைக்கும் நடுவுல விட்டு மெல்ல அறுத்துட்டு வாங்க, அதுக்கும் வரலைன்னா பக்கத்தோடயே ஸ்கேன் பண்ணிடுங்க. ஃப்ரேம் கண்ணாடில ஒட்டிப்போனதையும் பிரிக்காதீங்க, கண்ணாடியோட ஸ்கேன் பண்ணலாம். 2011 டிசம்பர் 30ல அடிச்ச 'தானே'ங்கற புயல்ல நனைஞ்ச ஆல்பம் ஒண்ணு கட்டியா ஒட்டிக்கிடக்குன்னு எழுதியிருக்கீங்க, அதைப் பிரிக்கப் பாக்காதீங்க, அதுக்குப் பதிலா ஸ்டுடியோ கவரைத் தேடுங்க, உள்ள நெகட்டிவ் இருந்தா மொத்தமும் திரும்பக் கிடைச்ச மாதிரி. ஸ்கேனர்ல டிபிஐன்னு படத்தோட துல்லியத்துக்கு ஒரு அளவு இருக்கும், அதை 600ல வைங்க, ஸ்டாம்ப் சைஸ் கருப்பு வெள்ளைக்கு 1200. ஸ்கேனர் இல்லைன்னா ஜன்னல் வெளிச்சத்துல, ஃப்ளாஷ் இல்லாம ஃபோன்லயே எடுக்கலாம், எடுக்காம இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். எல்லாப் படமும் வேணாம், கல்யாண ஆல்பத்துல யாருன்னே தெரியாதவங்க சாப்பிடற பந்திப் படம் நாப்பது இருக்கும், நாலு போதும்.

கேசட் ரொம்ப அவசரம். ஆடியோ கேசட் ஒண்ணுல மாமியார் பேரனுக்குப் பாடின தாலாட்டு இருக்குன்னு கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்களே அக்கா, உங்க வீட்ல இருக்கறதுலயே முதல்ல காப்பாத்த வேண்டியது அதுதான்னு நான் நினைக்கறேன், கல்யாண வீடியோவுக்குச் சொந்தத்துல யார்கிட்டயாவது இன்னொரு காப்பி இருக்கும், அந்தக் குரலுக்கு இன்னொரு காப்பி கிடையாது. வீடியோவும் தள்ளிப் போடக் கூடாது, அந்தக் கேசட்டை ஓட்டற டெக்கை, அதாவது விஹெச்எஸ் விசிஆரை, கடைசியா தயாரிச்ச ஜப்பான் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையில நிறுத்திடுச்சு, இருக்கற டெக் எல்லாம் பழசு, வருஷா வருஷம் குறையுது. கேசட் ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க, டேப் ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, அதை ஓட்டிப் பாக்கக் கூடாது, மாத்திக் குடுக்கற கடையில முதல்லயே சொல்லிடுங்க, சுத்தம் பண்ணிட்டுதான் போடணும். ஃபைல் வந்ததும் ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் பாத்துட்டு அப்புறம்தான் பழைய கேசட்டைப் பத்தி யோசிக்கணும். பசங்க ஸ்கூல் ஆண்டு விழா சிடி இருந்தாலும் இப்பவே காப்பி பண்ணுங்க, எழுதின சிடி ஒரு நாள் படிக்காம போயிடும். எல்லாம் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு பெங்களூர்ல பையன்கிட்ட, க்ளவுட்ல ஒரு காப்பி, அது பொண்ணுக்கு.

வைக்கறதுன்னு முடிவான ஒவ்வொண்ணுக்கும் கதை எழுதணும். இது இல்லைன்னா மத்த உழைப்பு எல்லாம் உங்க காலத்தோட முடிஞ்சுடும், பேர் இல்லாத ஃபோட்டோவும் கதை தெரியாத வளையலும் அடுத்த தலைமுறைக்கு வெறும் சாமான்தான், அவங்க மேல தப்பும் இல்ல. பெருசா எழுத வேணாம், "இது அப்பத்தா 1996ல பேரனுக்கு நெய்வேலி டவுன்ஷிப் கடையில வாங்கின கிலுகிலுப்பை, ரெண்டு நாள்ல உடைச்சான்" அவ்வளவு போதும். எழுதக் கை வரலைன்னா ஃபோன்ல வாய்ஸ் ரெக்கார்ட் போட்டுப் பொருளைக் கையில வச்சுக்கிட்டுப் பேசுங்க, வீட்டுக்காரரையும் பேச விடுங்க, எடைக்குப் போடுன்னு சொன்னவர்தான் அந்த நேரத்துல நிறைய பேசுவார். பழைய கருப்பு வெள்ளை ஃபோட்டோ பின்னாடி மெல்லிசா பென்சில்ல எழுதலாம், பால்பாயின்ட் வேணாம், முன்பக்கம் தடம் விழும். கலர் பிரிண்ட் முதுகு வழவழன்னு இருக்கும், பென்சில் ஏறாது, அதைத் தனி பேப்பர் கவர்ல போட்டுக் கவர் மேல எழுதுங்க.

குடுக்கறதுக்கு இடம் கேட்டிருந்தீங்க. கட்டற நிலையில இருக்கற துணி கூஞ்ச் மாதிரி அமைப்புகள் வாங்கிக்கறாங்க, கிழிஞ்சது அழுக்கானது குடுக்காதீங்க, அது குடுக்கறவங்களுக்கும் மரியாதை இல்ல. நெய்வேலி புத்தகக் கண்காட்சியில வருஷா வருஷம் வாங்கிக் குவிச்ச கதை புக்கு பக்கத்து கிராமத்து ஸ்கூல் லைப்ரரிக்குப் போகட்டும், ஹெட்மாஸ்டர்கிட்ட முன்னாடியே பேசிட்டு. மாமனார் காலத்து கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், நின்னுபோன பத்திரிகைகள் கட்டு கட்டா இருந்தா எடைக்குப் போடறதுக்கு முன்னாடி சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல ஒரு வார்த்தை கேளுங்க, கோட்டையூர்ல ரோஜா முத்தையா தனி மனுஷரா சேத்து வச்சதுல இந்த மாதிரிப் பேப்பர் எல்லாம் இருந்ததாலதான் இன்னைக்கு அதைப் படிக்க முடியுது.

புது வீட்ல எங்க வைக்கறதுங்கறதும் முக்கியம். மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற லாஃப்ட்ல ஃபோட்டோ, கேசட், பட்டு எதுவும் வேணாம், சூடு தாங்காது, பெட்ரூம் வார்ட்ரோப்ல நடுத்தட்டு, வெளிச் சுவரை ஒட்டாம. தரையிலயும் வேணாம், 2015 டிசம்பர்ல தாம்பரம் பக்கம் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் எப்படி முழுகிச்சுன்னு பாத்தோமே, உங்க ஃப்ளாட் மேல் மாடியா இருந்தாலும் கீழ பார்க்கிங்ல ஸ்டோர் ரூம் குடுத்திருக்காங்கன்னு பெட்டியை அங்க தள்ளிடாதீங்க. பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பை ரெண்டு போட்டு மழைக்காலம் முடிஞ்சதும் மாத்துங்க. ட்ரங்க் பெட்டி துருப் பிடிக்கலைன்னா ஒண்ணை வச்சுக்கலாம், உள்ள வேட்டி விரிச்சு.

வண்டி ஏத்தற அன்னைக்குப் பேக்கர்ஸ் ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே சர்டிஃபிகேட் ஃபைல், ஹார்ட் டிஸ்க், ஆல்பம், அந்தத் தாலாட்டு கேசட், பசங்க ரெண்டு பேர் பெட்டி, இதெல்லாம் தனியா ஒரு ரூம்ல வச்சுப் பூட்டிடுங்க. அது லாரில போகக் கூடாது, உங்களோட கார்ல வரணும்.